இரட்டையருக்குச் சம அளவு

எங்கள் ஊர் நியென்டோவில் பால் வாங்குகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் அளவு குறைந்தது என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். குவளையின் விளிம்பு வரை ஊற்றுவேன். நுரை அடங்கும் வரை காத்திருப்பேன். நுரை அடங்கிக் காலியான இடத்தையும் பாலால் நிரப்பித்தான் கொடுப்பேன். இருபத்து மூன்று வருடமாக இப்படித்தான். அப்படிப்பட்டவனிடம் ஒரு நர்ஸ் வந்து நின்று, "உங்க அளவுதான் தப்பு, சாலோங்கோ" என்று சொன்னால் கோபம் வருமா வராதா? வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

சாலோங்கோ என்பது என் பெயர் அல்ல. இரட்டைப் பிள்ளை பிறந்த அன்றே எனக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. அன்றிலிருந்து ஊருக்கு நான் சாலோங்கோ, இரட்டையரின் அப்பா; என் மனைவி நாலோங்கோ, இரட்டையரின் அம்மா. பிள்ளைகளுக்கும் பெயர் தேடுகிற வேலை இல்லை. முதலில் வந்த பையன் வாஸ்வா, அவன் பின்னால் வந்த பெண் நகாட்டோ.

இரட்டையர் இருக்கிற வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவருக்கு எதைக் கொடுத்தாலும் மற்றவருக்கும் அதே அளவு, அதே நேரம். தவறினால் இரட்டையர் நெருப்பாகச் சுட்டுவிடுவார்கள். அவர்கள் மனம் கோணினால் பெற்றவர் உடம்பு கொப்பளித்துப் போகும். சிரிக்க வேண்டாம். வாஸ்வாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவனுக்கு மட்டும் செருப்பு வாங்கி வந்தேன். நகாட்டோவின் அளவு கடையில் இல்லை. அந்த வாரமே என் வயிறு முழுக்கக் கொப்புளம். மருந்துக் கடைக்காரர், பால் கேன் கழுவுகிற சோடா பட்டிருக்கிறது என்றார். நான் அன்றே நகாட்டோவுக்குச் செருப்பு வாங்கினேன், சோடாவையும் மாற்றினேன். கொப்புளம் போய்விட்டது. எதனால் போனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இந்தச் சட்டத்தை நோயும் கேள்விப்பட்டிருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நோய் வந்தது. சிக்கிள் செல் என்று பிறந்த வருடமே சொல்லிவிட்டார்கள். மழைக் குளிர் இறங்கினால் ரத்தம் உள்ளே சிக்கிக்கொண்டு, எலும்பெல்லாம் வலிக்கும். சாதாரண வலி அல்ல. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, செல்போன் பழுது பார்த்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவன், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பான். அவளும் அப்படியே. ஊரில் பாதிப் பெண்களுக்குத் தலை பின்னுகிற விரல்களை மடக்க முடியாமல் அழுவாள். அவன் வாய் திறக்க மாட்டான். அவள் வாய் மூட மாட்டாள். எங்கள் வீட்டில் சமமாக இல்லாதது அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் இவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டாம், மருந்து வீட்டிலேயே இருக்கட்டும் என்று. மார்ஃபின், தண்ணீராகக் கரைத்தது. பச்சை நிறம். தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தால் அதில் ஊற்றித் தருவார்கள். சிஸ்டர் கெம்பாபசி மோட்டார் சைக்கிளில் வந்து, என் பாட்டில்களை மோந்து பார்த்தார்.

"பால் வாடையே இல்லையே!"

"பால்காரன் வீட்டுப் பாட்டில்ல பால் வாடை வந்தா நான் எதுக்குத் தொழில் பண்ணணும்?"

சிரித்தார். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்தார். "அஞ்சு மில்லி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நடுவுல ஊத்தவே கூடாது. ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு ஒரே அளவுல ஆரம்பிக்கிறோம். யாருக்கு எப்படி இருக்குன்னு தனித்தனியா எழுதி வைங்க, சாலோங்கோ. அதைப் பார்த்துதான் மாத்தணும்."

ஒரே அளவு என்றதும் என் மனம் குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னது காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நல்ல மழை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் சுருண்டு கிடந்தார்கள். சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு பார்த்து, ஐந்து மில்லி அவனுக்கு, ஐந்து மில்லி அவளுக்கு. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாஸ்வா நீளமாக ஒரு மூச்சு விட்டு, காலை நீட்டினான்.

"மழை விட்டிருச்சாப்பா?" என்றான். வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

நகாட்டோவோ சுவரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மருந்தே கேக்கல. வலி அப்படியே இருக்கு. ஏதாச்சும் பண்ணுங்க!"

நாலோங்கோ அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இவ என்னைக்குத்தான் அடங்கினா? எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுவா. அவனைப் பாரு, சத்தம் வருதா?"

"உன் மகன் வாயை மூடினா அது தைரியம், நான் வாயைத் திறந்தா அது நடிப்பாம்மா?"

"பின்ன? ஒரே மருந்து, ஒரே அளவு" என்றேன் நான். "அவனுக்குக் கேக்குது, உனக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும்? நடிக்காதே நகாட்டோ."

நான்தான் சொன்னேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் பெற்ற மகள் கதறுகிறபோது எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நடிப்பு என்று வாய் சொல்கிறது, கை பாட்டிலைத் திறக்கிறது. இன்னொரு ஐந்து மில்லி ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம்? சிரிஞ்சை எடுத்துக்கொண்டு வாஸ்வா பக்கம் திரும்பினேன்.

"எனக்கு வேண்டாம்ப்பா. நல்லாத்தான் இருக்கு."

"குடிடா. தங்கச்சிக்குக் கொடுத்தாச்சு."

குடித்தான். இருபது நிமிடத்தில் நகாட்டோ பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள். நானும் நாலோங்கோவும் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். உள்ளே போனது வெளியே வந்துவிட்டது, ஆகவே உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை ஊற்றினேன். வாஸ்வாவுக்கும் மூன்றாவது. அவன் கண் சொருக, சிரித்துக்கொண்டே குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் நகாட்டோ அடங்கினாள். வீடே அமைதியானது. "பார்த்தீங்களா, முடிஞ்சது ஆட்டம்" என்று சொல்லிவிட்டு நாலோங்கோ சமையலுக்கு மட்டோக்கே வாழைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். நான் பால் கடைக்குப் போய் வந்தேன். மதியம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று உள்ளே போனபோது வாஸ்வா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நகாட்டோவிடம் சத்தமே இல்லை. தொட்டேன். பெயர் சொல்லி உலுக்கினேன். தலை என் கையோடு வந்தது, கண் திறக்கவில்லை. உதடு சாம்பல் நிறம். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வருவதற்குள் நான் நாலோங்கோவை இரண்டு தடவை கத்திக் கூப்பிட்டுவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் நாலோங்கோ பின்னால் உட்கார்ந்து அவளை அணைத்துப் பிடித்தாள். நான் இன்னொன்றில் வாஸ்வாவோடு. அவன் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து, "எங்கப்பா போறோம்? எனக்குப் பசிக்குது" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாட்டிலில் குடித்து, ஒருத்தி சாகக் கிடக்கிறாள், ஒருத்தன் சோறு கேட்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். மருந்தை முறிக்கிற மருந்தாம். ஒரு நிமிடம் ஆனதோ இரண்டு நிமிடம் ஆனதோ, நகாட்டோ கண்ணைத் திறந்து வீல் என்று அலறினாள். மார்ஃபின் முறிந்ததும் வலி மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. அந்த அலறலைக் கேட்டு எனக்கு வந்தது சந்தோஷம். மகள் வலியில் அலறுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன் நான். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சிஸ்டர் கெம்பாபசி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எத்தனை தடவை ஊத்தினீங்க?"

"மூணு."

"ஏன்?"

"ரெண்டாவது, அழுதா. மூணாவது, வாந்தி எடுத்தா."

"அவனுக்கு?"

"அவனுக்கும் மூணு."

"அவன் அழுதானா?"

"இல்ல."

"வாந்தி எடுத்தானா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்புறம் ஏன் அவனுக்கு ஊத்தினீங்க?"

"அவளுக்கு ஊத்தினேன்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாலோங்கோவைப் பார்த்தார். அவர் நாட்டின் மேற்குப் பக்கத்துக்காரர். எங்கள் வழக்கம் தெரியும், ஆனால் மருந்து சிரிஞ்சு வரை அது வரும் என்று நினைத்திருக்க மாட்டார். அப்போதுதான் சொன்னார், "உங்க அளவுதான் தப்பு, சாலோங்கோ" என்று.

"என் அளவா? ஒரு சொட்டு முன்னப்பின்ன இருந்தா என் கையை வெட்டுங்க!"

"அதைத்தான் சொல்றேன். ஒரு சொட்டுகூட முன்னப்பின்ன இல்ல. ரெண்டு உடம்பு இருக்கே!"

டாக்டர் ஒக்விர் சின்னப் பையன் மாதிரி இருப்பார், பொறுமைசாலி. என்னை உட்கார வைத்துப் பேசினார். சில ஆராய்ச்சிகளில் பெண்களுக்கு இந்த மருந்து மெதுவாக ஏறுகிறதாம். ஏறினால் ஆழமாக ஏறுகிறதாம். குமட்டலும் வாந்தியும் அவர்களுக்கே அதிகமாம்.

"அப்ப பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படியா டாக்டர்?"

"இல்ல. வேற ஆராய்ச்சியில பெருசா வித்தியாசம் இல்லைன்னு வந்திருக்கு."

"எது சரி?"

"இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்க. ரொம்ப காலம் மருந்தையெல்லாம் ஆம்பளைங்க மேலதான் அதிகமா சோதிச்சுப் பார்த்தாங்க. பொம்பளைங்களைப் பத்தி இப்பத்தான் கேக்கவே ஆரம்பிச்சிருக்காங்க."

"சரி, பொம்பளைங்களுக்கு வலி அதிகமா, கம்மியா?"

"அதிகமா உணருறாங்கன்னு சிலர் சொல்றாங்க. வெளிய சொல்றதுதான் அதிகம்னு சிலர் சொல்றாங்க."

"மருந்து கூடுதலா கேக்குமா, குறைவா கேக்குமா?"

"முதல் அரை மணிக்குக் குறைவு. அப்புறம் கூடுதல். உங்க மகளுக்கு இன்னைக்கு அப்படித்தான் ஆயிருக்கு. அவ பொண்ணுங்கறதாலயா, எடை கம்மிங்கறதாலயா, சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கே அதனாலயா, எல்லாம் சேர்ந்தா, எனக்கு உறுதியாத் தெரியல."

பசும்பாலா ஆட்டுப்பாலா என்று கேட்டால், உறுதியாகத் தெரியவில்லை என்று நான் சொன்னால் என் கடைக்கு யாராவது வருவார்களா? ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். எனக்குத்தான் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புரியவில்லை.

புதிய அளவு எழுதிக் கொடுத்தார்கள். நகாட்டோவுக்கு மூன்று மில்லி. அதற்கு அரை மணி முன்னால் வாந்தியை நிறுத்துகிற மாத்திரை. கேட்கவில்லை என்று அவள் எவ்வளவு அழுதாலும் நாலு மணி நேரம் ஆகாமல் அடுத்தது கூடாது. வாஸ்வாவுக்கு ஐந்து, வலி நிற்காவிட்டால் ஏழரை. மூச்சு எண்ணவும் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டு எழுந்திருக்காவிட்டாலோ உடனே கொண்டு வரவேண்டும். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? இருவருக்கும் மூன்று மில்லி ஊற்றினேன்.

திட்டுங்கள். ஆனால் என் இடத்தில் இருந்து பாருங்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரு மாம்பழத்தைக்கூட நூல் வைத்து அளந்து அறுத்துக் கொடுத்த கை இது. ஒருத்திக்கு மூன்று, ஒருத்தனுக்கு ஐந்து என்று ஊற்றப் போனால் வரமாட்டேன் என்கிறது. கூட்டிக் கொடுப்பதில்தானே ஆபத்து, குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வாந்தி மாத்திரையையும் இருவருக்கும் கொடுத்தேன். வாந்தியே எடுக்காத வாஸ்வா, "இது எதுக்குப்பா?" என்று கேட்டான். "உனக்கும் ஒண்ணு" என்றேன். விழுங்கினான்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கேன்ப்பா."

மூன்று நாள் இப்படி. நகாட்டோ தேறி வந்தாள், ஒரு மணி நேரம் அழுவாள், பிறகு தூங்குவாள், எழுந்தால் சாப்பிடுவாள். வாஸ்வா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றான். நாலாம் நாள் காலை நகாட்டோ என்னைக் கூப்பிட்டாள். குரலில் காரம்.

"அப்பா, அவன் போர்வையை எடுத்துப் பாருங்க."

எடுத்தேன். ஓரம் முழுக்கக் கடித்துக் கடித்துக் கந்தலாகியிருந்தது. சில இடத்தில் ரத்தம். வாஸ்வா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"மூணு நாளா பல்லைக் கடிக்கிறான். எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா? அவன் வாயை மூடிக்கிட்டே செத்தாலும் உங்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்துக்கிட்டே செத்தாலும் உங்களுக்குத் தெரியாது. என்னப்பா மனுஷங்க நீங்க ரெண்டு பேரும்?"

"ஏன்டா சொல்லல?" என்று வாஸ்வாவிடம் கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே பேசினான். "நான் கேட்டா எனக்கு ஊத்துவீங்க. எனக்கு ஊத்தினா அவளுக்கும் ஊத்துவீங்க. அன்னைக்கு மாதிரி ஆயிடும்."

தங்கச்சி சாகக்கூடாது என்று மூன்று நாள் போர்வையைத் தின்றிருக்கிறான் பிள்ளை. யாரிடமிருந்து அவளைக் காப்பாற்ற? என்னிடமிருந்து.

இரண்டு பாய்க்கும் நடுவில் முட்டி போட்டேன். எங்கள் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் முட்டி போட்டு மரியாதை செய்வார்கள். வீட்டுத் தலைவன் பிள்ளைகளுக்கு முன்னால் முட்டி போட்டால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். நாலோங்கோ கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எழுந்திருங்க! என்ன பண்றீங்க? யாராச்சும் எட்டிப் பார்த்தா என்னைத்தானே பேசுவாங்க!"

"பேசட்டும். வாஸ்வா, நகாட்டோ, ரெண்டு பேரும் கேளுங்க. இனிமே உங்களுக்கு ஒரே அளவு கிடையாது. எனக்கு வேற வழி தெரியல. சுடுறதா இருந்தா என்னைச் சுடுங்க. ஒருத்தரை ஒருத்தர் கோவிச்சுக்காதீங்க."

நகாட்டோ வலியோடு வலியாகச் சிரித்துவிட்டாள். "உங்களை எதுக்குப்பா சுடணும்? நாலு அடி போட்டாப் போதும்."

அவனுக்கு ஐந்து, அவளுக்கு மூன்று ஊற்றினேன். அவனுக்கு அது போதவில்லை. அடுத்த வேளைக்கு ஏழரை. அன்று முழுக்கச் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொப்புளம் ஒன்றும் வரவில்லை. வராதது நல்லதா, இரட்டையர் என்னைக் கைவிட்டுவிட்டார்களா, அதுவும் தெரியவில்லை.

அந்த மழையை அப்படித் தாண்டினோம். அடுத்த மழை ஏழு வாரம் கழித்து வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும். இருவரும் வலியில் விழுந்தார்கள். நாலோங்கோ கடையைப் பார்க்கப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். மாத்திரை முதலில் நகாட்டோவுக்கு. அவளுக்கு மட்டும். அரை மணி கழித்து அவனுக்கு ஏழரை, அவளுக்கு மூன்று. கோட்டை இரண்டு தடவை பார்த்தேன், அளவு சரி.

வாஸ்வாவுக்கு முன்போலவே வலி சீக்கிரம் விட்டது. தூங்கிப் போனான். நகாட்டோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"பொய். ஒரு மணி நேரம் ஆயிருக்கும்."

கடிகாரத்தைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்பா, இன்னைக்குத் தொடை எலும்புல. உள்ள ஆணி அடிக்கிறாங்க. நம்புறீங்களா?"

"நம்புறேன்மா."

"நிஜமாவா?"

"முழுசா நம்புறேன். நீ சொல்றதுக்கு மேலயே வலிக்கும்னு நம்புறேன்."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. ஒரு மில்லி. அரை மில்லியாவது."

பாட்டில் என் மடியில் இருந்தது. "மாட்டேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்ல?

"போன தடவை நான் நடிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே ஊத்தினீங்க. இப்ப நம்புறேன்னு சொல்லிக்கிட்டு ஊத்த மாட்டேங்கிறீங்க. அந்த அப்பாவே தேவலை."

அன்று நம்பவில்லை, கொடுத்தேன், சாக இருந்தாள். இன்று நம்புகிறேன், கொடுக்கவில்லை, துடிக்கிறாள். இதில் எது அன்பு என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அழுகையை நம்பு, ஆனால் அழுகைக்கு ஊற்றாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொல்வது சுலபம். மணிக்கட்டில் நகம் பதிந்திருப்பது அவர்களுக்கா, எனக்கா? பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று இருந்தது. மூடியைத் திறந்து ஊற்றிவிடலாம் என்றும் இருந்தது. ஒரு தடவை மூடியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். அவள் அதையும் பார்த்தாள்.

ஐம்பது நிமிடம். ஒரு மணி. ஒரு மணி பத்து நிமிடம். நானும் அழுதேன். அவள் திட்டினாள், கெஞ்சினாள், தன் அம்மாவைக் கூப்பிட்டாள், பிறகு என்னையே கூப்பிட்டாள்.

பிறகு பிடி தளர்ந்தது. விரல் ஒவ்வொன்றாக என் மணிக்கட்டிலிருந்து நழுவியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வலி போனதால் தளர்கிறாளா, அன்று போல் போகிறாளா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவள் மூக்கருகே கன்னத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். பதினான்கு வந்தது. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. ஒன்று குறைந்துவிட்டதே!

"நகாட்டோ! நகாட்டோ!" தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது.

"இப்பத்தான் விட்டுச்சு. அதுக்குள்ள எழுப்பணுமா? போங்கப்பா அந்தப் பக்கம்."

எனக்கு வந்த சிரிப்பையும் அழுகையையும் அடக்கத் தெரியவில்லை. கால் மணி நேரம் விட்டேன். மறுபடி எழுப்பினேன். மறுபடி திட்டினாள். அன்று மாலை வரை கால் மணிக்கு ஒரு தடவை எழுப்பிக்கொண்டே இருந்தேன். என்னைத் திட்ட அவளுக்குப் புதிது புதிதாக வார்த்தை கிடைத்தது. கழுதை என்றாள், கிறுக்கு என்றாள், பால்காரன் புத்தி என்றாள். ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பாயில் வாஸ்வா சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளை எழுப்பினேன் என்பதற்காக அவனை நான் எழுப்பவில்லை.